நாலு இஞ்சு மிச்சம்

குழாயின் மேல் ஹாக்சா பிளேடு முதல் கோடு போட்டபோது வீட்டில் யாரும் பேசவில்லை. பேசுவதற்கு இருந்ததே இரண்டு பேர்தான். மகள் ஊரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். மனைவி ஹாலின் மறுகோடியில் உட்கார்ந்து பத்தாம் வகுப்புக் கணக்குப் பேப்பர்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். நான் சாப்பாட்டு மேஜையில் பழைய பெட்ஷீட்டை விரித்து அதன் மேல் என் ஸ்பியர் கன்னைக் கிடத்தியிருந்தேன். மீன் குத்தும் துப்பாக்கி. பெயரில்தான் துப்பாக்கி, மருந்தும் கிடையாது, வெடியும் கிடையாது. ஓர் அலுமினியக் குழாய், பின்னால் கைப்பிடி, முன்னால் மூக்கு மாதிரி ஒரு பிளாஸ்டிக் பகுதி, குழாயின் முதுகில் நூல் கட்டிய ஒரு எஃகுக் கம்பி, அந்தக் கம்பியை இழுத்துத் தள்ளுகிற தடித்த ரப்பர். நீளம் நூற்றுப் பத்து சென்டிமீட்டர். அதைக் குறைக்கத்தான் உட்கார்ந்திருந்தேன்.

பிளேடு குழாயின் சுவரைத் துளைத்த நொடியில் ஒரு சின்ன மூச்சு வந்தது. குழாய் இரண்டு பக்கமும் அடைத்தது. உள்ளே இருக்கிற காற்றுதான் அதைத் தண்ணீரில் மிதக்க வைக்கும். எந்த நாட்டு ஃபாக்டரியில் அடைத்த காற்றோ, பன்னிரண்டு வருஷம் என்னோடு கடலுக்குள் போய் வந்த காற்று, எங்கள் ஹாலில் ரசத்தின் வாசனையோடு கலந்துபோனது. நான் கையை நிறுத்திவிட்டேன். அவள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே என்னாச்சு என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மறுபடி அறுக்க ஆரம்பித்தேன்.

ஒன்றுமில்லை என்பது பொய். அந்தக் கன் வேறொருவர் கைக்குப் போகிறது, அதை என் கையாலேயே அறுத்துக் கொடுக்கிறேன் என்பதுதான் விஷயம். அந்த வேறொருவர் என் மனைவி என்பதால் வலி குறையவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் கூடத்தான் செய்தது.

வளைகுடாவில் என் முதல் வேலை சும்மா உட்கார்ந்திருப்பது. ஜுபைலில் ஒரு ஆலையில், ஆலையை நிறுத்திவிட்டுப் பழுது பார்க்கிற ஷட்டவுன் சமயம். ராட்சத டேங்குகளுக்குள் வெல்டர்களும் ஃபிட்டர்களும் ஆள் நுழைகிற ஓட்டை வழியாக இறங்குவார்கள். ஓட்டைக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு ஒருவன் உட்கார்ந்திருக்க வேண்டும். அவனுக்குப் பெயர் ஹோல் வாட்ச். உள்ளே போகிறவன் பெயரை எழுத வேண்டும், வெளியே வந்தால் அந்தப் பெயரை அடித்துவிட வேண்டும், நடுவில் ஓட்டையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. உள்ளே யாராவது விழுந்தால் ரேடியோவில் கூப்பிடலாம், கத்தலாம், ஆனால் இறங்கக் கூடாது. காப்பாற்ற இறங்கியவன்தான் இரண்டாவதாக விழுவான் என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எனக்கு அப்போது இருபத்திமூன்று வயது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, ஏஜென்ட் பேச்சை நம்பி வந்து, ஒரு ஓட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

எங்கள் கேங்கில் சிவகங்கைப் பக்கத்து வெல்டர் ஒருவர் இருந்தார். முதல் நாள் ஓட்டையில் ஒரு காலை விட்டுக்கொண்டே என்னைப் பார்த்து, போய்ட்டு வரேன் என்றார். நான் பெயரை எழுதிக்கொண்டே ம் கொட்டினேன். அவர் இறங்கவில்லை. பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. பின்னால் சூப்பர்வைசர் ஜல்தி ஜல்தி என்று கத்திக்கொண்டிருந்தார். வெல்டர் அசையவில்லை.

“வாயத் தொறந்து சொல்லுப்பா. சொன்னாத்தான் உள்ள போவேன்.”

போய்ட்டு வாங்க என்று சொன்னேன். இறங்கினார். அதன் பிறகு கேங்கில் இருந்த தமிழ் ஆட்கள் எல்லோருக்கும் அதுவே வழக்கமாயிற்று. வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு சொல்கிறதை டேங்கின் வாயில் சொல்வார்கள். போறேன் என்று யாரும் தப்பித் தவறியும் சொல்ல மாட்டார்கள். பதில் வராமல் யாரும் இறங்க மாட்டார்கள். சில வாரங்களில் பீகார்க்காரர்களும் பிலிப்பினோக்களும்கூட தங்களுக்கு வந்த தமிழில் அதைச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். எதற்கு என்று யாருக்கும் விளக்கவில்லை. விளக்கம் தேவைப்படவும் இல்லை.

அந்த நாற்காலியிலிருந்து எழுந்து ஃபிட்டராகி, போர்மேனாகி, இப்போது புஜைராவில் எண்ணெய்க் கிடங்குகளில் பைப்பிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஜுபைலிலேயே சாரம் கட்டுகிற ஒரு பிலிப்பினோ ஸ்கஃபோல்டர் வேலை முடிந்து ஊருக்குப் போகும்போது விட்டுப்போனதுதான் இந்தக் கன். வாங்கியபோது எனக்குக் கிணற்று நீச்சல் மட்டும்தான் தெரியும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக் கிணறுகளில் மேலிருந்து குதித்து அடி மண்ணை அள்ளி வந்து காட்டுவோம். கடலும் ஒரு பெரிய கிணறுதானே என்று நினைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன், கேட்டதோடு சரி.

புஜைராவுக்கு வந்து, மனைவியும் இங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்த பிறகு, அனுமதிச் சீட்டெல்லாம் எடுத்து முதலில் வெள்ளிக்கிழமைகளிலும், வார லீவு மாறிய பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளிலும் திப்பா கடற்கரைப் பக்கம் போக ஆரம்பித்தோம். ஐந்தாறு ஆள் ஆழத்துக்கு மேல் போனதில்லை. சிலிண்டர் கிடையாது. இழுத்த மூச்சு எவ்வளவோ அவ்வளவு நேரம். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தைப் போல ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை. தலைகீழாக மடிந்து இறங்கும்போது முதலில் பச்சை, அப்புறம் அடர்ந்த பச்சை. வெயில் மேலேயே நின்றுவிடும். அதன் நிழல் மட்டும் வலை வலையாகக் கூட வரும். மூன்றாள் ஆழத்துக்குப் பிறகு உடம்பு தானாகவே இறங்கும். காலை அடிக்க வேண்டாம், கையை வீச வேண்டாம். யாரோ அக்கறையாகக் கீழே வைக்கிற மாதிரி மணலில் போய்ப் படுப்பேன். சைட்டில் பகல் முழுக்கக் கேட்ட கம்ப்ரசர் சத்தம், ரேடியோ, யல்லா யல்லா, எல்லாம் தலைக்கு மேல் எங்கோ நின்றுவிடும். பாறைக்குள் இறால்கள் கொடுக்கைச் சொடுக்குகிற மெல்லிய சடசடப்பு மட்டும் கேட்கும். மீன்கள் வந்து பார்க்கும். என்னை ஆள் என்றே எடுத்துக்கொள்ளாத ஒரு ஊர் அது. எனக்கு அது பிடித்திருந்தது.

அவள் மேலே மிதப்பாள். முகம் தண்ணீருக்குள், வாயில் ஸ்நார்க்கல் என்கிற மூச்சுக் குழாய், கண் என் மேல். இந்த விளையாட்டில் உயிரைக் காப்பது ஒரே ஒரு விதிதான். ஒருவர் கீழே போனால் ஒருவர் மேலே இருக்க வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து இறங்கக் கூடாது. அதைச் சொல்லிக் கொடுத்தபோது ஜுபைல் கதையையும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, அப்ப நான் உங்க ஹோல் வாட்ச் என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும் ஸ்நார்க்கலை வாயிலிருந்து எடுத்து, போய்ட்டு வரேன் என்பேன். அவளும் எடுத்து, போய்ட்டு வாங்க என்பாள். ஒரு காலையில் முப்பது தடவையாவது இருக்கும். ஒரு தடவையும் அவள் விட்டதில்லை.

போன வருஷம் சளி பிடித்திருந்தபோது இறங்கினேன். இறங்க இறங்க மூக்கைப் பிடித்துக் காற்றை ஊதிக் காதின் அடைப்பை எடுக்க வேண்டும். அன்று எடுபடவில்லை. கீழே ஒரு நல்ல விளமீன் நின்றிருந்தது. கிணற்றுப் பையன் புத்தி, பலத்தைக் காட்டி ஊதினேன். காதுக்குள் குளிர்ந்த நூல் ஒன்று ஓடியது. உடனே கடல் சுற்ற ஆரம்பித்துவிட்டது. எது மேல் எது கீழ் என்று தெரியவில்லை. கோணலாக ஏறி வந்த என்னை அவள்தான் அக்குளில் கை கொடுத்துப் பிடித்து, மல்லாத்தி, கரை வரை இழுத்து வந்தாள். ஐந்தடிக்கு ஒரு அங்குலம் குறைவான பெண்.

ஆபரேஷன் செய்து செவிப்பறையில் ஒட்டுப் போட்டார்கள். மலையாளி டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். காதில் பிளக் வைத்துக்கொண்டு மேலே மிதக்கலாம், கீழே போவது மட்டும் இனி ஆயுசுக்கும் வேண்டாம், போனால் கேட்பதும் போகும், நடக்கும்போது தலையும் சுற்றும் என்றார். நான் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த காதின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சின்ன வளைவுகளுக்குள் என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் மாட்டிக்கொண்டதை நினைத்து அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன். கன்னைப் பீரோ மேல் போட்டேன். ஏழு மாதம் அது அங்கேயே கிடந்தது. ஏழு மாதம் கடைமீன் சாப்பிட்டோம், நானும் எல்லாவற்றுக்கும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் அவளே நாற்காலி போட்டு ஏறி அதை எடுத்தாள். இனி நான் கீழே போகிறேன், நீங்கள் மேலே இருங்கள் என்றாள். நீயா என்று கேட்டுவிட்டேன். கேட்ட விதம் சரியில்லை என்று கேட்கும்போதே தெரிந்தது.

“பத்து வருஷம் மேலேயே மிதந்து உங்க முதுகப் பாத்துட்டே இருந்தேன். கீழ என்னதான் இருக்குன்னு நானும் பாக்கணும்ல?”

அவளுக்கு என்னை விட மூச்சு நிற்கும். அது எனக்குத் தெரியும். எப்போதாவது என் முறை முடிந்ததும் சும்மா கன் இல்லாமல் ஓரிரு ஆள் ஆழம் இறங்கிப் பார்ப்பாள். மீன்கள் அவள் தோள் வரை வரும். எப்படி என்று கேட்டால், வகுப்பு அடங்குகிற வரை பேசாமல் நின்று பழகியிருக்கிறேன், கத்துகிற டீச்சரிடம் பிள்ளைகள் வருமா என்பாள். ஆனால் கன்னை லோடு செய்ய அவளால் முடியவில்லை. தண்ணீரில் மிதந்தபடியே பின்முனையை நெஞ்சில் ஊன்றி, இரண்டு கையையும் நீட்டி, கன்னின் மூக்குக்குப் பக்கத்தில் இருக்கிற ரப்பரைப் பிடித்து, கம்பியின் வெட்டில் கொண்டுவந்து மாட்ட வேண்டும். அவள் விரலுக்கும் ரப்பருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. கைக்கே எட்டவில்லை, வாய்க்கு எங்கே எட்டுவது. குட்டையாக்கிக் கொடுங்கள் என்றாள். உங்கள் தொழில்தானே என்றும் சொன்னாள்.

தொழில்தான். அவள் பேப்பர் திருத்தும்போது டேப்பை வைத்து நெஞ்சிலிருந்து விரல் நுனி வரை அளந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் எண்பத்தைந்து சென்டிமீட்டர் குழாய்தான் அவளுக்கு. அதாவது இருபத்தைந்து வெட்ட வேண்டும். நான் பதினைந்து வெட்டினேன்.

கேட்டால் சொல்வதற்குக் காரணம் தயாராக இருந்தது. பைப் வேலையில் எந்த ஃபிட்டரும் அளவுக்குச் சரியாக வெட்ட மாட்டான். ஒரு முனையில் நாலு இஞ்சு மிச்சம் விட்டுத்தான் சைட்டுக்கு அனுப்புவான். அங்கே போய்ப் பொருத்திப் பார்த்து, தேவைக்கு அறுத்துக்கொள்வார்கள். வெட்டினதைக் குறைக்கலாம், குறைத்ததைக் கூட்ட முடியாது. அதைத்தான் அவளிடம் சொன்னேன். சிவப்புப் பேனா ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் சரி என்றாள்.

கன்னின் மூக்கை வெந்நீரில் போட்டுக் கழற்றி, வெட்டின வாயை அரத்தால் ராவி, எபாக்சிப் பசை பூசி மறுபடி அடைத்தேன். கம்பியின் முனையையும் அதே அளவு வெட்டி, சூடேறினால் எஃகு மெத்தென்று ஆகிவிடும் என்று தண்ணீரில் முக்கி முக்கிச் சாணை பிடித்தேன். வெட்டிய குழாய்த் துண்டு பதினைந்து சென்டிமீட்டர். அதை நிமிர்த்தி வைத்து அவள் தன் சிவப்புப் பேனாக்களைப் போட்டுக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு திப்பா. காற்றில்லாத காலை. மலை தண்ணீருக்குள்ளும் அப்படியே நின்றது. நான் காதில் பிளக் வைத்து, மேலே தொப்பி இழுத்துவிட்டு, அவள் பக்கத்தில் மிதந்தேன். கடலுக்குத் திரும்பி வந்துவிட்டேன் என்று ஒரு கணம் தோன்றியது. அவள் கன்னை நெஞ்சில் ஊன்றினாள். விரல் நுனி ரப்பரைத் தொட்டது, பிடி கிடைக்கவில்லை. இரண்டாவது முறை ரப்பர் நழுவி, குழாயின் பின்முனை அவள் கழுத்தெலும்புக்குக் கீழே குத்தியது. வலியைக் காட்டிக்கொள்ளவில்லை. நாலாவது முறை எப்படியோ மாட்டிவிட்டாள். ஸ்நார்க்கலை எடுத்து என்னைப் பார்த்து, போய்ட்டு வரேன் என்றாள்.

நான் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். வார்த்தை வரவில்லை என்பது உண்மையில்லை. தொண்டை வரை வந்து நின்றது. சொன்னால் முடிந்துவிடும், இனி எப்போதும் போகிறவள் அவள், இருக்கிறவன் நான். பொறாமை என்று அதற்குப் பெயர். கட்டின பெண்டாட்டி மேல் பொறாமை.

அவள் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே மிதந்தாள். அப்புறம் கன்னை வெறும் மணல் பக்கம் திருப்பிச் சுட்டுக் காலி பண்ணிவிட்டு, கம்பியை இழுத்து, நூலைச் சுற்றிக்கொண்டு கரைக்கு நீந்தினாள். நான் பின்னால் போனேன். கரையில் துவாலையைப் போர்த்திக்கொண்டு பாறையில் உட்கார்ந்தாள். கழுத்தெலும்புக்குக் கீழே சிவந்திருந்தது. பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி எனக்குத்தான் முதலில் கொடுத்தாள்.

“தொண்ணூத்தஞ்சு இருந்தாத்தான் எனக்குக் கைக்கு அடக்கமா இருக்கும், இது கொஞ்சம் நீளம்னு நீங்க சொல்லுவீங்க. வருஷக் கணக்காச் சொல்லியிருக்கீங்க.”

நான் டீயை ஒரு மடக்குக் குடித்தேன்.

“இப்ப இது சரியாத் தொண்ணூத்தஞ்சு. அந்த நாலு இஞ்சு யாருக்கு?”

கணக்கு டீச்சரிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தால் இப்படித்தான் ஆகும். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஃபிட்டர் வழக்கம், சைட் வழக்கம் என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்த வாக்கியம் நடுவிலேயே விட்டுப்போனது. ஏனென்றால் அவள் கேட்கும் வரை எனக்கே அது தெரியாது. அவளுக்கென்று வெட்ட உட்கார்ந்து, எனக்குப் பிடித்த அளவில் ஒரு கன் செய்து வைத்திருந்தேன். என்றாவது ஒருநாள் அவள் ஸ்கூலுக்குப் போயிருக்கும்போது, காது நன்றாக இருக்கிற மாதிரித் தோன்றும் ஒரு காலையில், ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவைக்கான இடம்தான் அந்த நாலு இஞ்சு.

அவள் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அன்றைக்கு அக்குளில் கை கொடுத்து இழுத்து வந்தபோது உங்கள் மூக்கிலும் காதிலும் ரத்தம், மகளுக்குப் போனில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நீந்தினேன் என்றாள். அதை அதுவரை என்னிடம் சொன்னதில்லை. அப்புறம் துவாலையை மடித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள்.

“நான் சொன்னதுக்கு நீங்க பதில் சொல்லல. பதில் வராம எப்படி உள்ள போறது?”

திரும்பும் வழியெல்லாம் மலை. வெட்டி எடுத்த பாறைச் சுவர்களுக்கு நடுவில் ரோடு வளைந்து வளைந்து போகும். நான் ஓட்டினேன், அவள் கண்ணை மூடியிருந்தாள். பிளக்கை எடுத்த பிறகும் அந்தக் காதில் கடல் கேட்டுக்கொண்டே இருந்தது. அது கடல் இல்லை, காது பழுதானால் அப்படித்தான் கேட்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். எனக்கு அது கடல்தான். எந்த வளைவில் என்று ஞாபகம் இல்லை, நான் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே, எனக்கு ரொம்ப ஆசையாக இருக்கிறது என்று சொன்னேன். ஆசை யாரைத்தான் விட்டது. தெரியும் என்று கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கக்கூடப் போகாமல் மேஜையில் பெட்ஷீட்டை விரித்தேன். ஹாக்சாவை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. நீங்களேதான் வெட்டணும் என்றாள். ஆனால் பேப்பர் திருத்தப் போகவில்லை. குழாயின் மறுமுனையை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றாள். எண்பத்தைந்தில் கோடு போட்டேன். மிச்சம் எதுவும் விடவில்லை. முப்பது வருஷத் தொழிலில் ஒரு குழாயைச் சரியான அளவுக்கு வெட்டியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பிளேடு உள்ளே போனதும் மறுபடி அந்தச் சின்ன மூச்சு. இந்த முறை அது எங்கள் வீட்டுக் காற்று, போன வாரம் அடைத்தது. அரம் போட்டு, எபாக்சி பூசி, மூக்கைத் திரும்ப அடைக்கும்போது அவள் குனிந்து குழாய்க்குள் ஊதினாள். எதற்கு என்று கேட்டேன். சும்மா என்றாள்.

நாலு இஞ்சுத் துண்டு மேஜையில் தனியாகக் கிடந்தது. அதை யாரும் எதற்கும் எடுக்கவில்லை. இன்றைக்கும் என் டூல்பாக்ஸில் இருக்கிறது.

அதற்கடுத்த ஞாயிறு தண்ணீர் தெளிவாக இல்லை. பச்சைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற மாதிரி எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. குட்டைக் கன்னுக்கு ஏற்ற தண்ணீர். கரையோரப் பாறைத் தீவின் பின்பக்கம் போய் நின்றோம். அவள் பின்முனையை நெஞ்சில் ஊன்றிக் கையை நீட்டினாள். ரப்பர் முழுசாகக் கைக்குள் வந்தது. ஒரே இழுப்பு. கம்பியின் வெட்டில் அது உட்கார்ந்த சின்ன சத்தம் தண்ணீர் வழியாக எனக்கும் கேட்டது. ஸ்நார்க்கலை எடுத்தாள்.

“போய்ட்டு வரேன்.”

“போய்ட்டு வா,” என்றேன். அவள் தலையாட்டிவிட்டுத் தலைகீழாக மடிந்து இறங்கினாள்.

மேலே இருக்கிறவன் வேலை என்ன என்று அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. கால் துடுப்புகள் இரண்டு தடவை அசைந்தன, அப்புறம் அசையவில்லை. கடல் அவளை எடுத்துக்கொண்டது. பச்சைக்குள் அவள் சின்னதாகிக்கொண்டே போய், கடைசியில் துடுப்பின் வெள்ளை நுனி மட்டும் தெரிந்து, அதுவும் போயிற்று. நான் எண்ண ஆரம்பித்தேன். அடைத்த காதில் என் இருதயம் கேட்டது. சிறு மீன் கூட்டம் ஒன்று எனக்குக் கீழே வந்து, நின்று, எதையோ நினைத்துக்கொண்டு திரும்பிப் போனது. பத்து வருஷம் இவள் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளா என்று நினைத்தேன். ஒன்றுமில்லாத ஒரு பச்சையை, நான் அதற்குள் எங்கோ இருக்கிறேன் என்ற நம்பிக்கையில்.

ஐம்பது எண்ணியபோது கீழே டப் என்று ஒரு சத்தம். சுட்டுவிட்டாள். அறுபது. எழுபது. பச்சைக்குள்ளிருந்து ஏதோ ஏறி வந்தது. மெதுவாக, கைப்பிடி மேலாக, நெட்டுக்குத்தாக. கன். கன் மட்டும்.

காரணம் எனக்குத் தெரியும். குத்துப்பட்ட மீன் பாறைப் பொந்துக்குள் புகுந்துகொண்டால் கன்னைக் கைவிட்டுவிட வேண்டும். அதிலிருக்கிற சின்ன ரீலிலிருந்து நூல் ஓட ஓட, அது தானாக மிதந்து மேலே வரும். மீனோடு மல்லுக்கட்டி மூச்சை விடாதே என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். எல்லாம் தெரியும். தெரிந்து என்ன. வீட்டு ஹாலில் அவள் ஊதி அடைத்த காற்று அந்தக் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே நிறுத்தியது. அவள் வரவில்லை.

என் உடம்பு மடிந்துவிட்டது. தலை கீழே, கால் மேலே. நான் செய்யவில்லை, அதுவாகச் செய்தது. காதில் ஊசி இறங்கியது. ஊசியோடு ஜுபைல் நாற்காலியும் ஞாபகத்துக்கு வந்தது. பாதி உடம்பை உள்ளே விட்டுக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்த வெல்டரும் வந்தார். போய்ட்டு வா என்று சொல்லியிருக்கிறேன். சொன்னவன் இருக்க வேண்டிய இடம் மேலே. அவள் ஏறி வரும்போது அங்கே ஆள் இல்லையென்றால் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம். நான் நிமிர்ந்து, மிதக்கிற கன்னின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். நூலில் மீனின் துடிப்பு விட்டு விட்டு வந்தது. தொண்ணூறு. தொண்ணூற்றொன்று. என் வாழ்நாளில் இவ்வளவு பயந்ததில்லை.

நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இல்லாமல், எனக்கு இடப்பக்கம், பச்சை கொஞ்சம் வெளுத்தது. வெளுத்து வெளுத்து அது ஒரு ஆளாயிற்று. அவள் அவசரமே இல்லாமல் ஏறி வந்தாள். தலை வெளியே வந்ததும் மூன்று மூச்சு இழுத்தாள், நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே. அப்புறம் ஸ்நார்க்கலைத் துப்பினாள்.

“வந்துட்டேன். மீன் பாறைக்குள்ள போயிருச்சு.”

அவள் முகமூடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். வகுப்பில் காப்பி அடித்த பையனைப் பார்க்கிற அதே பார்வை.

“எறங்கினீங்களா?”

“கொஞ்சம்.”

“எவ்வளவு கொஞ்சம்?”

“நாலு இஞ்சு இருக்கும்,” என்றேன்.

அவள் சிரித்தாள். சிரிப்பில் கொஞ்சம் உப்புத் தண்ணீர் உள்ளே போய் இருமினாள். என் தோளில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு மிதந்தாள். மூச்சு நிதானமாகிற வரை அப்படியே இருந்தோம். கன் எங்கள் நடுவில் மிதந்தது. அதை வாங்கி என் நெஞ்சில் வைத்துப் பார்த்தேன். முழங்கை மடங்கி இடித்தது. சின்னப் பிள்ளை சட்டையைப் போட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது. திருப்பி அவள் கையில் கொடுத்தேன்.

மீனை எடுக்க இன்னொரு தடவை போக வேண்டும் என்றாள். நன்றாக மூச்சு வாங்கிக்கொள், அவசரமில்லை என்றேன். வெயில் மலைக்கு மேலே வந்திருந்தது. தண்ணீருக்குள் வலை வலையாக வெளிச்சம் இறங்க ஆரம்பித்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் முகமூடியை இறக்கிவிட்டு, நூலைக் கையில் பிடித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் பதில் சொல்லிவிட்டேன்.